பழைய எஞ்சினில் முழு சிந்தெடிக் எண்ணெய்: கசிவுக்குக் காரணம் எண்ணெயா, சீலா?

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் நான் ஓட்டும் 1.6 லிட்டர் ஜப்பானிய செடான் 2007-இல் பதிவானது. அப்பா வாங்கிய கார். 2017-இல், இங்கே கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை மேலும் 10 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தோம். இப்போது அப்பாவைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லவும், நான் வேலைக்குப் போய் வரவும், மாதம் ஒருமுறை ஜோகூருக்குச் சென்று வரவும் அதுவே எங்களுக்குத் துணை. 2023 மார்ச்சில், ஓடோமீட்டர் 172,000 கிலோமீட்டரைத் தொட்டபோது, அதுவரை ஊற்றி வந்த செமி சிந்தெடிக் (மினரலும் சிந்தெடிக்கும் கலந்த) 10டபிள்யூ-40 எண்ணெயை விட்டு, முழு சிந்தெடிக் 5டபிள்யூ-40 எண்ணெய்க்கு மாறினேன். மூன்றாவது வாரம், பலமாடி வாகன நிறுத்துமிடத்தில் காரை எடுத்த பிறகு திரும்பிப் பார்த்தால், தரையில் 50 காசு நாணயத்தின் அளவில் ஒரு கறுப்புக் கறை.

“பழைய எஞ்சினுக்கு சிந்தெடிக் ஊத்தினா ஒழுகும்னு சொன்னேனா இல்லையா?” என்றார் அப்பா. முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். அவர் காலத்தில் 20டபிள்யூ-50 மினரல் எண்ணெயை (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துக் கிடைப்பதை) தவிர வேறெதையும் தம் வண்டியில் ஊற்ற விட்டதில்லை. எண்ணெய் மாற்றிய பட்டறையும் அவர் சொன்னதையே சொன்னது. சிந்தெடிக் எண்ணெய் தண்ணீர் போல மெல்லியது, எஞ்சினின் இணைப்புகளை அடைக்கும் பழைய ரப்பர் சீல்களைத் தாண்டி வெளியே வந்துவிடும், பழைய எண்ணெய்க்கே திரும்புங்கள், கூடவே கசிவை நிறுத்தும் திரவம் ஒரு புட்டி ஊற்றுங்கள் என்றார்கள். அந்தப் புட்டியின் விலை 32 வெள்ளி. நான் அதை வாங்கவில்லை. எந்த இடத்திலிருந்து எண்ணெய் வருகிறது என்று ஒருவரும் குனிந்து பார்க்காமலேயே மருந்து சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, 197,000 கிலோமீட்டர் வரை, முழு சிந்தெடிக் எண்ணெயிலேயே ஓட்டி வருகிறேன். இடையில் இரண்டு நிறுவனங்களின் எண்ணெய்களைப் பயன்படுத்தினேன். இரண்டும் அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் ‘ஏபிஐ எஸ்பி’ தகுதி பெற்றவை, இரண்டும் ஒரே பிசுக்குமை (எண்ணெயின் தடிப்பு). அவற்றுக்கிடையே சொல்லும்படியான வேறுபாடு எதையும் நான் காணாததால், இங்கே எழுதுவது ஒரு நிறுவனத்தின் எண்ணெயைப் பற்றிய மதிப்பீடாக இல்லாமல் அந்த வகை எண்ணெயைப் பற்றிய மதிப்பீடாகவே இருக்கும்.

முதலில், இந்த அச்சம் வெறும் கட்டுக்கதை இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கார்களுக்கான சிந்தெடிக் எண்ணெய்கள் 1970-களின் முற்பகுதியில்தான் கடைக்கு வந்தன. அமெரிக்காவில் 1972-இல் ஆம்சாயிலும் 1974-இல் மொபில் 1-உம் அறிமுகமாயின. மினரல் எண்ணெயில் இருக்கும் அரோமேட்டிக் சேர்மங்கள் ரப்பர் சீல்களுக்குள் சிறிதளவு ஊறி, அவற்றைக் கொஞ்சம் உப்ப வைக்கும். அந்த உப்பலோடுதான் அக்காலத்துச் சீல்கள் தண்டைச் சுற்றி இறுக்கமாகப் பொருந்தியிருந்தன. பாலிஆல்ஃபாஒலிஃபின் என்னும் சிந்தெடிக் அடிப்படை எண்ணெயில் அந்தச் சேர்மங்கள் இல்லை. ஆகவே பல ஆண்டுகள் மினரல் எண்ணெயில் ஊறிப் பழகிய சீல், பாலிஆல்ஃபாஒலிஃபின் மட்டும் மிகுந்த எண்ணெய்க்கு மாறும்போது உப்பலை இழந்து சுருங்கும், கசியும். எஸ்டர் வகை அடிப்படை எண்ணெய் இதற்கு நேர்மாறாக ரப்பரை அளவுக்கு மீறி உப்ப வைக்கக்கூடியது. இந்த இரண்டையும் சரியான அளவில் கலந்தும், சீலைக் காக்கும் சேர்க்கைப் பொருள்களை இட்டும் சமநிலைக்குக் கொண்டுவரக் கற்ற பிறகே அந்தக் குறை நீங்கியது. அப்பா தலைமுறை ஓட்டுநர்கள் சொன்னதற்கு அன்று அடிப்படை இருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அன்றைய நிலை இன்று இல்லை. ஐல்சாக் என்னும் எஞ்சின் எண்ணெய்த் தரச் சான்றைப் பெற விரும்பும் எண்ணெய், ரப்பருக்கு என்ன செய்கிறது என்பதற்கான தனிச் சோதனையில் தேற வேண்டும். பாலிஅக்ரிலேட், ஹைட்ரஜனேற்றிய நைட்ரைல், சிலிக்கோன், ஃபுளோரோகார்பன், எத்திலின் அக்ரிலிக் ஆகிய ஐந்து வகை ரப்பர்த் துண்டுகளைச் சூடான எண்ணெயில் ஊறவைத்து, அவற்றின் கன அளவும் கடினமும் இழுவலிமையும் எவ்வளவு மாறுகின்றன என்று அளக்கிறார்கள். எண்ணெய் மினரலா சிந்தெடிக்கா என்று அந்தச் சோதனை பார்ப்பதில்லை. எல்லை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இன்னொரு பக்கம், இன்று ‘மினரல்’ என்று விற்கப்படும் எண்ணெய்களில் பலவும் ஏபிஐ பகுப்பின்படி, ஹைட்ரஜன் கொண்டு சுத்திகரிக்கப்பட்ட இரண்டாம் பிரிவு அடிப்படை எண்ணெயால் ஆனவை. அவற்றில் அரோமேட்டிக் அல்லாத நிறைவுற்ற சேர்மங்கள் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதாவது, ரப்பரை உப்ப வைத்த அந்தப் பழைய அரோமேட்டிக் சேர்மங்கள் இன்றைய மினரல் எண்ணெயிலும் பெரும்பாலும் இல்லை. முழு சிந்தெடிக் என்று புட்டியில் அச்சிட்டிருப்பவற்றிலும் பல, பெட்ரோலிய எண்ணெயை இன்னும் கடுமையாகப் பதப்படுத்திக் கிடைக்கும் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தவையே. அதைச் சிந்தெடிக் என்று விளம்பரப்படுத்தலாமா என்று அமெரிக்காவில் மொபிலும் காஸ்ட்ராலும் மோதி, 1999-இல் விளம்பர ஒழுங்கு அமைப்பு அதற்கு இடம் தரும் முடிவைத் தந்தது. பெயரளவில் இருக்கும் தூரம் புட்டிக்குள் அவ்வளவாக இல்லை.

‘தண்ணீர் போல மெல்லியது’ என்ற வாதத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான், ஏனென்றால் கேட்பதற்கு இது நியாயமாகத் தோன்றுகிறது. எண்ணெய்களின் பிசுக்குமையை வகுக்கும் எஸ்ஏஇ தர வரையறையின்படி, 40 என்ற எண்ணைச் சுமக்கும் எந்த எண்ணெயும் 100 பாகை செல்சியஸில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் (பிசுக்குமையின் அலகு) வரையிலான பிசுக்குமைக்குள் இருக்க வேண்டும். மினரல் 10டபிள்யூ-40 ஆனாலும் சிந்தெடிக் 5டபிள்யூ-40 ஆனாலும் எஞ்சின் சூடாகி ஓடும்போது இரண்டும் அந்த எல்லைக்குள்தான் நிற்கும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் எஞ்சின் சுழல்வதைப் பற்றியது. 10டபிள்யூ எண்ணெயை உறைநிலைக்குக் கீழே 25 பாகையிலும், 5டபிள்யூ எண்ணெயை 30 பாகையிலும் சோதிப்பார்கள். சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1934 சனவரியில் கண்ட 19.4 பாகை. நம் வாகன நிறுத்துமிடங்களில் அந்த முதல் எண்ணுக்கு அதிக வேலை இல்லை.

பிசுக்குமையை மாற்றினால் மட்டும் கதை வேறு. 40 தர எண்ணெயில் ஓடிக்கொண்டிருந்த பழைய எஞ்சினில், எரிபொருள் மிச்சமாகும் என்று எண்ணி, கையேடு அனுமதிக்காத 0டபிள்யூ-20 எண்ணெயை ஊற்றினால், அது உண்மையிலேயே மெல்லியது. ஏற்கெனவே தளர்ந்த சீல் வழியாக அது கூடுதலாகக் கசியும். அப்போது பிழை தரத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. அதே தரத்தில் மினரல் எண்ணெய் கிடைத்து ஊற்றினாலும் அதேதான் நடக்கும்.

இனி என் கார். முதல் பட்டறையை விட்டு, நண்பர் ஒருவர் சொல்லி, சின் மிங் வட்டாரத்தில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மூத்த தமிழ் மெக்கானிக்கிடம் போனேன். “அண்ணே, எண்ணெயை மாத்தினதாலதான் ஒழுகுதா?” என்று கேட்டேன். “எதனால ஒழுகுதுன்னு வண்டிதாம்மா சொல்லணும்” என்றார். அவர் செய்த முதல் வேலை, பழைய எண்ணெயை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டையும் ஃபில்டரையும் பார்த்தது. எண்ணெய் மாற்றிய சில நாள்களில் கசிவு தெரிந்தால், பத்தில் பல நேரம் அது மாற்றிய கையின் கோளாறுதான் என்றார். டிரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடாமல் பழையதையே திருகுவது, பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க அதன்மேல் புதிய ஃபில்டரை மாட்டுவது, எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி நிரப்புவது ஆகிய மூன்றையும் அவர் அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னார். ஃபில்டரைக் கழற்றும்போது சிந்திய எண்ணெய் கீழே உள்ள இரும்புச் சட்டத்தில் தேங்கி, ஒரு வாரம் வரை சொட்டுவதும் உண்டாம். புதிய எண்ணெய் ஊற்றிய அதே நாளில் செய்த இந்தப் பிழைகளுக்கெல்லாம் பழி எண்ணெயின்மேல் விழுகிறது.

என் காரில் அவை எல்லாம் சரியாகவே இருந்தன. பிறகு எஞ்சினின் வெளிப்புறத்தை முழுவதும் கழுவி, எண்ணெயில் ஒளிரும் சாயம் கொஞ்சம் கலந்து, மூன்று நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு வரச் சொன்னார். நான்காம் நாள் பட்டறையின் விளக்குகளை அணைத்துவிட்டுப் புறஊதா விளக்கை அடித்தபோது, வால்வ் கவரின் பின் விளிம்பில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்றும், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் அடியில் தடிப்பான இன்னொரு கோடும் தெரிந்தன. இரண்டாவது கோடு எஞ்சினின் பக்கவாட்டில் வழிந்து, அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் பேனின் மூலையில் திரண்டு சொட்டிக்கொண்டிருந்தது. கீழிருந்து மட்டும் பார்த்தால் ஆயில் பேனே கசிவதாகத்தான் எவரும் நினைப்பார்கள்.

வால்வ் கவருக்கு அடியிலிருந்து கழற்றிய கேஸ்கெட்டை (ரப்பர் அடைப்பை) என் கையில் கொடுத்தார். ரப்பராக இருக்க வேண்டியது பிளாஸ்டிக் குச்சியைப் போல விறைத்திருந்தது. லேசாக வளைத்ததும் ஒடிந்தது. டென்ஷனரின் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் தட்டையாக அமுங்கி, ஒரு பக்கம் சதுரமாகவே ஆகியிருந்தது. பதினாறு ஆண்டு எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பர் அது. மூன்று வாரச் சிந்தெடிக் எண்ணெயால் ரப்பர் அப்படி ஆகாது என்பது கையில் பிடித்தாலே விளங்கும். பிசிவி வால்வும் பிசினால் அடைத்துப்போய், ஆட்டினால் சத்தமே வரவில்லை. பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சினின் அடிப்பகுதிக்கு வரும் வாயுவை மீண்டும் உள்ளிழுப்புக் குழாய்க்கு அனுப்புவது அந்தச் சிறு வால்வின் வேலை. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்தச் சீல் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக எண்ணெயை வெளியே தள்ளும்.

வீட்டுக்கு வந்து பழைய படங்களைத் தேடினேன். 2021-இல் எஞ்சின் மவுண்ட் மாற்றியபோது, பாகத்தைக் காட்டுவதற்காக எடுத்த படம் ஒன்று கைப்பேசியில் இருந்தது. அதன் ஓரத்தில், அதே டென்ஷனருக்கு அடியில், தூசி படிந்து கறுத்த ஈரம் தெளிவாகத் தெரிகிறது. சிந்தெடிக் எண்ணெயை நான் தொடுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்த இடம் கசியத் தொடங்கிவிட்டது. அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். “அப்போ சீலு தான் போயிருக்கு” என்றார்.

அப்படியானால் சொட்டு ஏன் அந்த மூன்றாவது வாரத்தில் விழுந்தது? இதை மறைத்து எழுதினால் இந்த மதிப்பீடு நேர்மையாக இராது. விறைத்த சீலின் வெடிப்புகளிலும் விளிம்புகளிலும் பழைய எண்ணெயின் கசடு படிந்து, ஓரளவு அடைப்பாக நின்றிருக்கும். நல்ல துப்புரவுப் பொருள்கள் கொண்ட புதிய எண்ணெய் அந்தக் கசடை மெல்ல மெல்லக் கரைக்கும்; ஈரமாக மட்டும் இருந்த இடம் சொட்டத் தொடங்கும். துப்புரவுப் பொருள்கள் மினரல் எண்ணெயிலும் உண்டு. ஆனால் சிந்தெடிக் எண்ணெய்கள் பெரும்பாலும் அவற்றைத் தாராளமாகக் கொண்டிருப்பதால், மாற்றத்துக்குப் பிறகு கசிவு ‘வெளிப்படுவது’ உண்மையாகவே நிகழக்கூடியது. கசடு பிடித்து நிறுத்தியிருந்த சீல் என்றாவது ஒருநாள் கைவிடத்தான் போகிறது. எனக்கு அது வாகன நிறுத்துமிடத்தில் ஒரு கறையாக வந்தது நல்லது. தீவு விரைவுச்சாலையில் சூடான புகைபோக்கிக் குழாய்மேல் சொட்டி, எரிந்த வாடையாக வந்திருக்கலாம்.

கேஸ்கெட் 38 வெள்ளி, ஓ-ரிங் 4 வெள்ளி, பிசிவி வால்வ் 22 வெள்ளி, கூலி 120 வெள்ளி. மொத்தம் 184 வெள்ளி. எண்ணெயை மாற்றவே இல்லை. அதே சிந்தெடிக் எண்ணெயோடு காரைத் திரும்பக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் எஞ்சினுக்கு அடியில் அட்டை ஒன்றை விரித்து வைத்து, ஞாயிறு காலை எடுத்துப் பார்த்தேன். எட்டு வாரம் அட்டை காய்ந்தே இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். எண்ணெய் மாற்றும்போது மட்டும் அந்த இரண்டு இடங்களையும் விளக்கடித்துப் பார்க்கச் சொல்கிறேன். கடைசியாக 196,000 கிலோமீட்டரில் பார்த்தோம், இரண்டும் காய்ந்திருந்தன.

இதற்கு எதிர்த்திசையில் நடந்த ஒன்றையும் நான் அறிவேன். பொருள் விநியோகத்துக்குப் பதினான்கு ஆண்டுப் பழைய வேன் ஓட்டும் நண்பர் ஒருவர், சிந்தெடிக் ஊற்றியபின் கசிவு கண்டு, உடனே மினரல் எண்ணெய்க்குத் திரும்பினார். கசிவு நிற்கவில்லை. பிறகு கிராங்க் தண்டின் பின்புறச் சீலை மாற்றினார். கியர் பெட்டியை இறக்க வேண்டிய வேலை என்பதால் கூலி மட்டுமே பல நூறு வெள்ளி ஆனது. எண்ணெயை மாற்றிப் பார்த்ததில் அவருக்கு நான்கு மாதம் வீணானதுதான் மிச்சம்.

எண்ணெயைப் பற்றிய என் கணிப்பு இது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது முன்பு ஓரிரு விநாடி கேட்ட உலோகச் சத்தம் குறைந்திருக்கிறது. மற்றபடி ஓட்டுவதில் பெரிய மாற்றம் எதையும் நான் உணரவில்லை, எரிபொருள் மிச்சமும் கண்ணுக்குத் தெரியும்படி இல்லை. முன்பு 5,000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 400 மில்லிலிட்டர் எண்ணெய் சேர்க்க வேண்டியிருந்தது. இப்போது 8,000 கிலோமீட்டருக்கு 250 மில்லிலிட்டர் போதுகிறது. அதில் பாதிப் பெருமை பிசிவி வால்வுக்கும் புதிய கேஸ்கெட்டுக்கும் உரியது என்பதால், எல்லாம் எண்ணெயின் வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சூட்டில் ஆவியாகும் தன்மை சிந்தெடிக் எண்ணெய்க்குப் பொதுவாகக் குறைவு. 250 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் ஆவியாகக் கூடாது என்பது ஐல்சாக் தரத்தின் எல்லை. நல்ல சிந்தெடிக் எண்ணெய்கள் அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே இழக்கின்றன.

நம் ஊருக்கு இந்த எண்ணெய் பொருந்துவதற்கான காரணம் குளிர் அன்று, வெப்பம். 2023 மே மாதம் அங் மோ கியோவில் 37 பாகை பதிவானது. அந்த வெயிலில், மாலை நெரிசலில், குளிரூட்டியை ஓடவிட்டு ஊர்ந்து செல்லும் எஞ்சினுக்குள் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகிக் கசடாவதை எவ்வளவு தாமதப்படுத்துகிறோமோ அவ்வளவு நல்லது. சிந்தெடிக் எண்ணெய் அங்கேதான் தன் விலைக்கு உழைக்கிறது. கால் மணி நேரப் பயணங்களே அதிகம் என்பதால் புட்டியில் சொல்லும் நீண்ட இடைவெளியை நான் நம்பவில்லை. 8,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுகிறேன். செமி சிந்தெடிக் எண்ணெய்க்கு ஒருமுறை 75 வெள்ளி வீதம் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை செலவழித்தேன். முழு சிந்தெடிக் எண்ணெய்க்கு 118 வெள்ளி. 40,000 கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் முதலாவது 600 வெள்ளி, இரண்டாவது 590 வெள்ளி. செலவில் வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம்; பட்டறைக்குப் போகும் தடவை மூன்று குறைகிறது.

மாற விரும்பும் பழைய கார்க்காரர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது, எண்ணெயை வாங்குவதற்கு முன் காரைத் தூக்கி அடியிலும், வால்வ் கவரைச் சுற்றிலும் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். படம் எடுத்து வையுங்கள். கையேடு சொல்லும் பிசுக்குமையை விட்டு விலகாதீர்கள். டிரெயின் வாஷருக்குத் தரும் ஓரிரு வெள்ளியை மிச்சம் பிடிக்க வேண்டாம். நெடுந்தூரம் ஓடிய எஞ்சின்களுக்கென்று விற்கும் எண்ணெய்களில் சீலை மென்மையாக்கும் பொருள்கள் கூடுதலாக இருக்கும். லேசான ஈரத்துக்கு அவை உதவக்கூடும், ஒடிந்த கேஸ்கெட்டுக்கு உதவா. கசிவை நிறுத்தும் புட்டியை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அது ரப்பரை உப்ப வைத்துச் சில மாதம் சமாளிக்கும். கெட்ட சீலை உப்ப வைக்கும் அதே திரவம் நல்ல சீலையும் உப்ப வைக்கும். சான்றிதழ் முடிய ஓராண்டே இருந்து, காரை விட்டுவிடப் போகிறவர்கள், இதுவரை ஊற்றிய எண்ணெயையே தொடரலாம். மாறுவதால் அவர்களுக்குப் பயன் குறைவு.

எங்கள் காரின் சான்றிதழ் 2027-இல் முடிகிறது. பத்தாண்டு தாண்டிய கார் என்பதால் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். போன முறை போகுமுன், கைத்தடியை ஊன்றியபடி அப்பாவே கீழே வந்து, வாகன நிறுத்துமிடத்தின் தரையைப் பார்த்துவிட்டு, “அடுத்த தடவையும் இதே எண்ணெயையே ஊத்தச் சொல்லு” என்றார்.